துளசிமணியின் ஒற்றை வாசம்

நுணாமரத்துப்பட்டிக்குள் மல்லிகைப்பூ நுழைந்ததே இல்லை. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, காற்றாலைகள் வரிசைகட்டிச் சுற்றுகிற வெட்டவெளியில் இருக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்க்கிறார்கள். பட்டுப்புழுவோ வாசனை விஷயத்தில் சம்பந்தி வீட்டார் மாதிரி, எதற்குக் கோபித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. பவுடர் பூசிய கை இலை போட்டால் தின்னாது, பீடி குடித்த வாய் பக்கத்தில் பேசினால் தின்னாது, ஊதுபத்திப் புகை ஓட்டு இடுக்கு வழியாக இறங்கினால் தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும், அப்புறம் கூடு கட்டாது, பட்ட பாடெல்லாம் குப்பைமேட்டுக்குப் போகும். ஆகவே ஊர் கூடி எல்லையில் ஒரு கல்லை நட்டு, அதற்கு வாசக்கல் என்று பெயரும் வைத்து, வாசமுள்ளது எதுவும் அதைத் தாண்டக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தது. கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் பெண்கள் தலைப்பூவை அவிழ்த்துக் கல்லின்மேல் போட்டுவிட்டு வருவார்கள். ஆண்கள் மடியைத் தட்டிப் பொடிமட்டையையும் பீடிக்கட்டையும் வைத்துவிட்டு வருவார்கள். விருந்தாளிகள் பக்கத்துத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். எந்நேரமும் பூவும் பொட்டலமுமாகக் கிடக்கும் கல்லைப் பார்த்து, சக்தியுள்ள சாமி போலிருக்கிறது என்று பஸ்ஸில் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. ஊர்க்காரர்கள் அதைத் திருத்தப் போகவில்லை.

மீனுக்கும் அதே சட்டம்தான். அமராவதி அணையிலிருந்து மொபெட்டில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் வரும் மீன்காரர் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று ரப்பர் ஹாரனை அமுக்குவார். வேண்டியவர்கள் சட்டியும் மிளகாய்ப்பொடியுமாகப் போய், அங்கேயே புளியமரத்தடியில் அடுப்புக் கூட்டி, குழம்பு வைத்து, தின்று, சாம்பல் போட்டுக் கைகழுவி, துணி மாற்றிக்கொண்டு ஊருக்குள் வருவார்கள். மீன்காரருக்குப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை, ஹாரனே போதுமானதாக இருந்தது.

இந்த ஊரில்தான் துளசிமணிக்கு மூக்கு போயிற்று. உலகமே வாயைக் கட்டிக்கொண்டு திரிந்த அந்தக் காய்ச்சல் வருஷத்தில் எல்லாருக்கும் போன மாதிரி அவளுக்கும் போனது, எல்லாருக்கும் திரும்பி வந்த மாதிரி அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் மற்றவர்களுக்கு மூக்கு என்பது முகத்துக்கு அழகு. துளசிமணிக்கு அதுதான் தொழில். விடிகாலையில் புழுமனைக் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், எந்த அடுக்கில் எந்த மூலையில் நோய் கண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கண்ணுக்குத் தெரியும் முன்பே புளிப்பாக ஒரு நெடி வருமாம், அது வந்த இடத்தை வழித்து எறிந்துவிட்டால் மீதிப் புழு பிழைத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து மனைக்காரர்கள்கூட அவளைக் கூட்டிப்போய்க் கதவைத் திறக்கச் சொல்வார்கள். மூக்கு போன பிறகும் அவள் வழக்கம்போலக் கதவைத் திறந்தாள், வழக்கம்போல மூச்சு இழுத்தாள், எல்லாம் நல்லாயிருக்கிறது என்றாள். தெருமுனைவரை நாறிய ஒரு மனைக்குள் நின்றுகொண்டு நல்லாயிருக்கிறது என்றாள். அண்ணன் சென்னியப்பன் திட்டவில்லை. மனைச் சாவியை மட்டும் அவள் இடுப்பிலிருந்து வாங்கி, சுவரில் ஓர் ஆணியடித்து மாட்டினான். திட்டியிருந்தால் துளசிமணி அழுது முடித்திருப்பாள்.

அதிலிருந்து அவள் மல்பெரி இலை பறிப்பதோடு சரி. ரசமும் வெந்நீரும் அவளுக்கு ஒன்று. பால் தீய்ந்து கரியானாலும் தெரியாது, மழை வருவது தெரியாது, தன் உடம்பு வியர்த்திருக்கிறதா என்று தெரியாமல் ஒரு நாளைக்கு நாலு தடவை குளித்தாள். பட்டு வளர்க்கும் வீடுகள் மூக்கில்லாத பெண்ணைக் கட்டிக்கொள்ளத் தயங்கின; முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. கடைசியில் காங்கேயம் பக்கத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன்தான், கொஞ்சம் வயது கூடுதல், சரி என்று சொல்லியனுப்பினார். ஆவணி பிறந்ததும் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் பண்ணிக்கொள்வதென்று பேச்சானது. துளசிமணியைக் கேட்டதற்கு உங்கள் இஷ்டம் என்றாள். தின்பதற்கே ருசி இல்லாதவளுக்கு மாப்பிள்ளையில் என்ன ருசி வேண்டியிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இலை பறிக்கப் போனாள்.

ஆனி பாதியில் காற்று திரும்பி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கிய முதல் காலையில், துளசிமணியின் நெற்றியில், புருவத்துக்கு மேலே, இரண்டு இறகுகள் முளைத்திருந்தன. பட்டுப்பூச்சிக்கு இருக்குமே, சின்னத் தென்னங்கீற்று மாதிரி இரண்டு பக்கமும் மயிர் சீவிவிட்ட கொம்பு, அதே தினுசு, அதே சாம்பல் நிறம், நீளம் மட்டும் ஒரு சாண். காபி கொண்டுவந்த நங்கை சரசாத்தாள், அதாவது சென்னியப்பன் மனைவி, முந்தானையால் அதைத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. காபி ஆறிவிடும் குடித்துவிடு என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். காலமெல்லாம் புழுவோடும் பூச்சியோடும் படுத்து எழுகிற ஊருக்கு இது என்றைக்காவது நடக்க வேண்டியதுதான் என்கிற மாதிரிதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆச்சரியப்படாவிட்டாலும் ஆளுக்கொரு யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா. பால் சொசைட்டியில் வரிசையில் நின்றவர்கள் பின்னால் நிற்பவர் கண்ணில் குத்தாமல் திரும்பும்படி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மாகாளியம்மன் கோயில் பூசாரி, இறகுக்கு மேலே குங்குமம் வைப்பதா கீழே வைப்பதா என்று ரொம்ப நேரம் யோசித்து, நடுவில் வைப்பது என்று ஏற்பாடு செய்தார். ஆதார் அட்டைக்குப் புதுப்படம் எடுக்கப் போனபோது, காதெல்லாம் தெரிய வேண்டும் என்று சட்டம் இருப்பதால் இறகும் தெரிய வேண்டும் என்று சொல்லி, ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போடச் சொன்னார் படம் எடுத்தவர். காற்றில் மடங்காமல் இருக்க சரசாத்தாள் பழைய வேட்டியில் இரண்டு உறை தைத்துக் கொடுத்தாள். சின்னக் குழந்தைகள் தூங்காமல் அடம் பிடித்தால் துளசிமணியிடம் தூக்கிவந்தார்கள், இறகால் முகத்தைத் தடவினால் தூங்கிவிட்டன. ஒரே ஒருத்தர், காங்கேயத்துச் செக்குக்காரர் மட்டும், பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை, ஆனால் சபையில் நிற்கும்போது அது வேண்டாம், எடுத்துவிட முடியுமா என்று தன்மையாகக் கேட்டனுப்பினார். உடுமலையிலிருந்து பியூட்டி பார்லர்ப் பெண்ணை வரவழைத்து நறுக்கிவிடலாம் என்று சென்னியப்பனும் ஒத்துக்கொண்டான்.

அதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று பட்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஜெசிந்தா மேடத்தைக் கூப்பிட்டார்கள். பூச்சிகளின் வாசனையைப் பற்றியே படித்து, அதிலேயே தலை நரைத்த அம்மாள் அவர். துளசிமணியை வெளிச்சத்தில் உட்காரவைத்து லென்ஸ் வழியாக நெடுநேரம் பார்த்தார், பார்க்கப் பார்க்க அவர் முகம் கனிந்துகொண்டே வந்தது. இந்த ஒவ்வொரு மயிரிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன என்றார். துளைக்குள்ளே தண்ணீர். வாசம் என்பது எண்ணெய்த் துளி போன்றது, தண்ணீரில் அதுவாக நீந்தத் தெரியாது. அதனால் உள்ளே பரிசல் மாதிரி ஒரு புரதம் காத்திருக்கும், வந்த வாசத்தைக் கவிழாமல் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும், அங்கே நரம்பின் வாசலில் ஒரு பூட்டு இருக்கும், அந்த வாசம்தான் அதற்குச் சாவி. பூட்டு திறந்தால் தலைக்குள் சேதி போகும். வேலை முடிந்த வாசத்தை இன்னொரு புரதம் உடனே நறுக்கிப் போட்டுவிடும், இல்லாவிட்டால் பழைய சேதியே கேட்டுக்கொண்டிருக்குமாம்.

"இவ்வளவு மயிர் இருக்கே, எல்லாத்துலயும் ஒரே பூட்டுதான்னு நினைக்கிறேன். ஒரு வாசத்துக்குத்தான் திறக்கும். அது எதுன்னு எனக்குத் தெரியாது. வரும்போது துளசிமணிக்கே தெரியும்" என்றார் ஜெசிந்தா.

நறுக்கலாமா என்றான் சென்னியப்பன். கண்ணைப் பிடுங்குவதும் இதுவும் ஒன்றுதான் என்று அவர் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான். போகிற போக்கில் அந்த அம்மாள் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார், அதுதான் ஊரைப் பற்றிக்கொண்டது: இப்படி இறகு விரிவது ஆண் பூச்சிக்குத்தானாம். பெண் பூச்சி ஓரிடத்தில் உட்கார்ந்து வாசத்தைக் காற்றில் விட்டுக் கூப்பிடும், இறகு உள்ளதுதான் எழுந்து தேடிப் போக வேண்டும். அப்படியானால் எங்கேயோ ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்துகொண்டு கூப்பிட, நம் பெண் கிளம்பிப் போய் மாப்பிள்ளை பார்க்க வேண்டுமா என்று ஆண்கள் முகம் சுளித்தார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் அவன்தான் செய்து வைத்திருக்க வேண்டும் என்று பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓயவில்லை.

வாசமே ஆகாத அந்த ஊர், துளசிமணிக்காக முதல்முறையாக வாசங்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் காலையில் அவளை உட்காரவைத்து, பெருங்காயம் காட்டினார்கள், கற்பூரம் காட்டினார்கள், புதுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார்கள், பிறந்த குழந்தையின் உச்சந்தலையைக் காட்டினார்கள், டீசலும் பன்னீரும் வெட்டிவேரும் வெள்ளாட்டுக் கிடாயும் காட்டினார்கள், செத்துப்போன அம்மாவின் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து சரசாத்தாள் அவள் மடியில் வைத்தாள். இறகு அசையவில்லை. அம்மாவின் சேலைக்கும் அசையவில்லையே என்று அன்றைக்குத் துளசிமணி சாப்பிடவில்லை.

அசைந்தது மறுநாள். மல்பெரிக் காட்டில் இலை பறித்துக்கொண்டிருந்தபோது, உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால், இரண்டு இறகும் சிலிர்த்துக்கொண்டு எழுந்து தென்மேற்காகத் திரும்பின. இலைக்கூடை நழுவியது. ஒரு நொடிதான், காற்றாலை இறக்கைகள் காற்றைக் கடைந்து துண்டு துண்டாக்கி அனுப்பியதில் ஒரு துணுக்கு, வந்தது, போய்விட்டது. துளசிமணி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷமாக அடைத்துக் கிடந்த வீட்டில் ஒரு ஜன்னல் திறந்து மூடிய மாதிரி இருந்தது. என்ன வாசம் என்று கேட்டுக்கொண்டு கூடிவிட்ட பெண்களுக்கு அவளால் சொல்லத் தெரியவில்லை.

"பேர் தெரியலீங்கக்கா. வாசம் மாதிரியே இல்ல. யாரோ பொறுமையா நின்னு கூப்பிடற மாதிரி இருக்குதுங்க."

அதிலிருந்து அநேகமாகத் தினமும் அதே பொழுதுக்கு வந்தது, அவள் காற்றை எதிர்த்து நாலு எட்டு வைப்பதற்குள் அறுந்தது. ஊர் தன் சாமர்த்தியம் முழுவதையும் அதன்மேல் இறக்கியது. காற்று பாலக்காட்டிலிருந்து வருவதால் மாப்பிள்ளை மலையாளி என்று ஒரு கட்சி, காற்று கடலிலிருந்து கிளம்புவதால் கப்பலில் இருப்பவன் என்று இன்னொரு கட்சி. அவன் யாராக இருந்தாலும் நம் வாசக்கல்லில் முகம் கழுவித்தான் வர வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒன்று. சென்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. செக்குக்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, ஆடி முடிந்தால் காற்றும் நின்றுவிடும். ஆனால் தங்கச்சி அந்த வரப்பில் உட்கார்ந்து அழுததை அவன் தூரத்திலிருந்து பார்த்திருந்தான். சாவியை ஆணியில் மாட்டிய கை அது. ஆடிக் கடைசிக்குள் ஒரே ஒரு நாள் ஊரே ஒத்தாசை பண்ணினால் கண்டுபிடித்துவிடலாம், முடியாவிட்டால் நறுக்கிக்கொண்டு ஆவணியில் நிச்சயம், சம்மதமா என்று கேட்டான். துளசிமணி சம்மதித்தாள், வேறென்ன செய்வாள்.

வாசத்தை விரட்டுவதில் அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குறித்த நாளில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. ஆடு மாடுகளைக் காற்றுக்குக் கீழே, அதாவது காற்று போகிற பக்கம், கிழக்கே ஓட்டினார்கள். கோயில் விளக்கை அம்மனிடம் சொல்லிக்கொண்டு அணைத்தார்கள், சாணிக்குப்பையை ஈரச்சாக்கால் மூடினார்கள், வாசக்கல்லின் மேல் கிடந்த வாடிய பூவையெல்லாம் அள்ளிப் புதைத்துக் கல்லைத் தேய்த்துக் கழுவினார்கள். காற்றாலைக் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடியதில், எப்படியும் கிரீஸ் போட வேண்டியதுதான் என்று சொல்லி எதிர்த்த வரிசையை மட்டும் நிறுத்திவைத்தார்கள். இறக்கைகள் அசையாமல் நின்ற அந்த வரிசையைப் பார்க்க ஊருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. சென்னியப்பன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. முந்தின நாளே அணைக்குப் போகும் ரோட்டில் காத்திருந்து, நாளைக்கு ஊருக்கு இரண்டு மைல் கிட்டக்கூட வராதீங்க என்று மீன்காரரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

காற்று வந்தது, கழுவிவிட்ட கண்ணாடி மாதிரி வந்தது. துளசிமணி மல்பெரிக் காட்டுக்கு நடுவில் இறகை விரித்துக்கொண்டு நின்றாள், பின்னால் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. உச்சி வந்தது, சாய்ந்தது. ஒன்றும் வரவில்லை. மாடு கறக்கும் நேரம்வரை நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள், யாரும் கேலி பேசவில்லை, அதுவே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கடைசியாக நின்றவர், அன்றைக்கென்றே வந்திருந்த ஜெசிந்தா.

"காத்துல ஒரு குறையும் இல்ல, துளசிமணி. உன் இறகுலயும் இல்ல. கூப்பிடற ஆள் இன்னைக்கு வரலையோ என்னவோ" என்றார்.

துளசிமணி அந்தப் பேச்சை மனசில் போட்டு உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். முற்றத்தில் சரசாத்தாள் பசித்த பிள்ளைகளுக்கு அவசரமாக உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். நாளைக் காலை பார்லர்ப் பெண் வருவதாகச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். துளசிமணி அடுப்பருகில் உட்கார்ந்து, இன்றைக்கு எதையெதை விரட்டினீர்கள் நங்கை, சொல்லுங்கள் என்றாள். சரசாத்தாள் ஆட்டிலிருந்து ஆரம்பித்துச் சாணி, விளக்கு, பூ, டீசல் பம்பு என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், பாவம் அந்த மீன்காரரையும்தான் என்றாள். ஆடு காட்டியாயிற்று, டீசல் காட்டியாயிற்று, விளக்கும் பூவும் ஊரில் எந்நேரமும் இருக்கிறவை. தினமும் உச்சிக்கு முன்னால் வருகிறது எது? மூக்கு போனதிலிருந்து மீன் வாங்க ஒரு நாளும் கல்லுக்குப் போகாதவள் துளசிமணி, ருசி தெரியாத வாய்க்கு மீன் எதற்கு என்று. உப்புமா தீய்கிறது நங்கை என்று சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியவில்லை, சரசாத்தாளுக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள் காற்றாலைகள் சுற்றின, அடுப்புகள் புகைந்தன, ஆடுகள் திரும்பி வந்து தெருவெல்லாம் புழுக்கை போட்டன. பார்லர்ப் பெண் டெட்டால் தோய்த்த கத்தரிக்கோலையும் பஞ்சையும் கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வரச் சொன்னதில் கோபித்துக்கொண்டு, சென்னியப்பன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். துளசிமணி உச்சிக்கு முன்னால் எழுந்து, இறகு உறைகளைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நடந்தாள்.

ஹாரன் சத்தம் வருவதற்கு முன்பே இறகு எழுந்தது. அவள் காற்றை எதிர்த்து ஓடினாள், காற்றாலை கடைந்த காற்றில் வாசம் அறுந்தது. நின்று, இடது பக்கம் குறுக்கே ஓடினாள், இல்லை. வலது பக்கம் ஓடினாள், ஒரு துணுக்கு கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். மறுபடி அறுந்தது, மறுபடி இடம், மறுபடி வலம். மல்பெரி வரிசைகளுக்குள் சேலை கிழியக் கிழிய இப்படி வளைந்து வளைந்து போகிறவளைப் பார்த்து வேலையைப் போட்டுவிட்டு ஊரும் பின்னால் வந்தது; அவள் இடது பக்கம் போனால் ஊரும் இடது பக்கம் போனது, வலது பக்கம் போனால் வலது பக்கம் போனது, பார்லர்ப் பெண் காபி டம்ளரோடு வந்தாள், பூசாரி மணியோடு வந்தார், சென்னியப்பன் செருப்பில்லாமல் வந்தான். அணை ரோட்டில் போன பஸ் நின்று, வாசக்கல் சாமிக்குத் திருவிழா போலிருக்கிறது என்று உள்ளே இருந்தவர்கள் கும்பிட்டார்கள். வாசக்கல்லுக்கு வந்ததும் ஊர் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டது. துளசிமணி நிற்கவில்லை.

புளியமரத்தடியில் மொபெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர், நாற்பதை நெருங்குகிறவர், ஒரு ஊரே தன்னைப் பார்த்து ஓடிவருவதைக் கண்டு நேற்று வராததற்குத்தான் சண்டை என்று நினைத்துப் பின்வாங்கினார். வெள்ளிங்கிரி என்பது அவர் பெயர். பெண் கேட்டுப் போன வீடுகளில் காபி வருவதற்கு முன்பே வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்துவிட்ட அனுபவம் அவருக்கு இருந்தது; அதனால் பெண்கள் யாராவது பக்கத்தில் வந்தால் காற்றுக்குக் கீழே நகர்ந்து நின்றுகொள்வது பழகிப்போயிருந்தது. துளசிமணி வரவும் அப்படி நகர்ந்தார். அவள் இறகும் கூடவே நகர்ந்தது.

"கிட்ட வராதீங்க அம்மிணி. மேலெல்லாம் மீன் கவிச்சி" என்றார்.

"கவிச்சி எனக்கு வராதுங்க. உங்க வாசம் மட்டுந்தானுங்க வருது."

வெள்ளிங்கிரி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். தனக்கென்று ஒரு வாசம் இருப்பது அவருக்கே தெரியாது. பத்து வருஷமாக அவர் மூக்குக்கும் மீன்தான் தெரிந்தது. அந்தப் பெரிய மனுஷன் அத்தனை பேர் முன்னால் ஐஸ்பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். துளசிமணியின் இறகுகள் வேறு எங்கும் திரும்பாமல் மெதுவாகத் தாழ்ந்தன, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எந்த ஊர், யார் மக்கள், என்ன குலம், என்ன கூட்டம் என்று கேட்க வாயெடுத்த சிலரும் உண்டு. அதில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், கல்யாணத்துக்கும் வரவில்லை.

சென்னியப்பன் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினான். செக்குக்காரருக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம், அதெல்லாம் பெரிதில்லை.

"ஆனா அவரு கல்லைத் தாண்டி வர முடியாதே, அம்மிணி" என்றான்.

"நான் தாண்டலாமுங்களேண்ணா."

சென்னியப்பன் தானும் தாண்டிப் போய் வெள்ளிங்கிரியின் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு ஐஸ்பெட்டியில் இருந்த மீன் முழுக்க அங்கேயே குழம்பானது. செக்குக்காரர் வருத்தப்படாமல் ஒரு டின் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பினார், சொன்னேனே, நல்ல மனுஷன். ஆவணியில் வாசக்கல் பக்கத்திலேயே பந்தல் போட்டு, பூவுக்குப் பதில் பட்டுக்கூடு கோத்த மாலை மாற்றிக் கல்யாணம் நடந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம், காற்றாலை நிழல் வந்து வந்து போகும் இடத்தில், ஓர் ஓட்டு வீடும் எழும்பியது. ஊர்ப் பெண்கள் அவளைப் பார்க்கப் போவதென்றால் ஒரு சௌகரியம் கண்டுபிடித்தார்கள்: அங்கே பூ வைத்துக்கொள்ளலாம். சாயங்காலமானால் ஆசைக்கு மல்லிகை வைத்துக்கொண்டு துளசிமணி வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டு, திரும்பும்போது கல்லில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் மொபெட் அணை ரோட்டில் ஊரை நெருங்கும்போதே இங்கே அவளுக்கு இறகு எழும், உலை வைப்பாள். கார்த்திகை, மார்கழி என்று காற்று மாறி மாறி அடித்தது. தைக் கடைசியில் ஒரு மத்தியானம் இறகு எழவில்லை. கையை வைத்துப் பார்த்தால் நெற்றி மொழுமொழுவென்று இருந்தது. இரண்டும் பாயில் உதிர்ந்து கிடந்தன. துளசிமணி பயந்து எழுவதற்குள் மொபெட் சத்தம் வாசலுக்கே வந்துவிட்டது. வெள்ளிங்கிரி உள்ளே வந்தார். அவள் முகம் சுளித்தது.

"என்னங்க இது, இப்பிடிக் கவிச்சி அடிக்குது" என்றாள்.

வெள்ளிங்கிரி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இது என்றைக்காவது வரும் என்று அவர் தினமும் பயந்துகொண்டுதான் இருந்தார். பிறகு போய் ஜன்னலைத் திறந்தார், திறந்துவிட்டுக் காற்றுக்குக் கீழே நகர்ந்து நின்றார். துளசிமணியோ வீட்டுக்கு நடுவில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டாள், மீன் என்றாள், அடுப்புச் சாம்பல் என்றாள், நேற்று யாரோ விட்டுப் போன மல்லிகை என்றாள், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள், அண்ணன் வீட்டு ஆணியில் தொங்கும் சாவி ஞாபகத்துக்கு வந்தது. அப்புறம்தான் ஜன்னலோரம் சுருங்கி நிற்கிறவரைப் பார்த்தாள். போய் அவர் கழுத்தோரத்தில் மூக்கை வைத்து, வெறும் மூக்கைத்தான், மீனைத் தாண்டி, ஐஸைத் தாண்டி, வியர்வையைத் தாண்டி, அவசரப்படாமல் தேடினாள். கவிச்சிக்கு அடியில் அது இருந்தது.